அளந்து வாங்கியதும் நிறுத்து வாங்குவதும்

இந்த இதழைப் படித்து முடித்ததும் சமையலறைக்குப் போய் எண்ணெய் பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்கள். முன்பக்கம் பெரிய எழுத்தில் 1 லிட்டர் என்று இருக்கும். பின்பக்கம் சின்ன எழுத்தில் 910 கிராம் என்றோ, அதற்குச் சற்று முன்பின்னாகவோ இன்னோர் எண் இருக்கும். ஒரு லிட்டர் என்றால் ஒரு கிலோதானே, 90 கிராம் எங்கே போனது என்று நம்மில் பலர் கேட்டிருப்போம். எங்கும் போகவில்லை. தண்ணீருக்குத்தான் ஒரு லிட்டர் ஒரு கிலோ. எண்ணெய் தண்ணீரைவிட லேசானது, அதனால்தான் அது தண்ணீரில் மிதக்கிறது.

இது பள்ளிக்கூடத்தில் படித்த பாடம்தான். ஆனால் அளப்பதற்கும் நிறுப்பதற்கும் நடுவே இருக்கும் இந்த இடைவெளிக்கு நம் ஊரில் ஆயிரம் ஆண்டுக்கு மேற்பட்ட வரலாறு உண்டு. கோயில் கணக்கு, களத்துமேட்டுக் கூலி, தேர்தல் வாக்குறுதி, இன்றைய சிலிண்டர் பில் என்று எல்லாவற்றிலும் அது வருகிறது. அதைத் தெரிந்துகொண்டால் கடையில் கொஞ்சம் பணமும் மிச்சமாகும்.

காற்றும் ஈரமும்

முகந்து அளக்கும்போது நாம் கேட்கும் கேள்வி, இந்தப் பொருள் எவ்வளவு இடத்தை அடைக்கிறது என்பது. நிறுக்கும்போது கேட்பது, இதில் பொருள் எவ்வளவு இருக்கிறது என்பது. தண்ணீர், பால் போன்றவற்றில் இந்த இரண்டு கேள்விக்கும் கிட்டத்தட்ட ஒரே விடை வந்துவிடும். தானியத்தில் அப்படி வராது.

ஒரு படி அரிசியை எடுத்துக்கொள்ளுங்கள். பாத்திரம் நிறைந்திருப்பதாகத் தோன்றும். ஆனால் மணிக்கும் மணிக்கும் நடுவே உள்ள சந்துகளில் காற்று நிற்கிறது. அரிசி அடைத்த இடத்தில் பத்தில் நான்கு பங்கு வரை இப்படிக் காற்றுதான். பாத்திரத்தைத் தரையில் இரண்டு தட்டு தட்டினால் மணிகள் நெருங்கி உட்காரும், மேலே கொஞ்சம் இடம் விழும். மெதுவாகக் கொட்டினால் அதே பாத்திரம் குறைந்த அரிசியிலேயே நிறைந்துவிடும். அரிசிக்குப் பதில் பொரி என்றால் சொல்லவே வேண்டாம். ஆயுத பூஜைக்கு முந்தின நாள் படி கணக்கில் பொரி வாங்குகிறவர்களுக்குத் தெரியும், ஒரு பை நிறைய வரும், கையில் கனமே இருக்காது.

சரி, நிறுத்து வாங்கினால் ஏமாற்றம் இல்லையே என்று நினைக்கலாம். அங்கே வேறொன்று ஒளிந்துகொள்கிறது, ஈரம். நனைந்த நெல், ஈரப் புளி, தண்ணீர் தெளித்த கீரை எல்லாம் தராசில் கூடுதலாகக் காட்டும். அதனால்தான் அரசின் நேரடி நெல் கொள்முதல் நிலையங்களில் எடை போடும் முன் ஈரப்பதம் பார்க்கிறார்கள். பொதுவான வரம்பு 17 சதவீதம். மழைக்காலத்தில் அதைத் தளர்த்தச் சொல்லி விவசாயிகள் கேட்பதும் மத்திய அரசு தளர்த்துவதும் ஆண்டுதோறும் செய்தித்தாளில் வரும்.

ஆக, படியில் காற்று ஒளியும், தராசில் ஈரம் ஒளியும். எதில் எது ஒளிகிறது என்று தெரிந்தவர் எப்போதும் ஒரு படி முன்னே இருந்திருக்கிறார். அளவைகளின் வரலாறு பெரும்பாலும் இதைச் சுற்றியே நடந்திருக்கிறது.

தொல்காப்பியத்தில் இருந்து ஆழாக்கு வரை

தமிழில் இந்த இரண்டும் வெகு காலமாகவே தனித்தனிப் பெயரோடு இருக்கின்றன. தொல்காப்பியம் முகத்தலளவையை 'அளவு' என்றும் எடுத்தலளவையை 'நிறை' என்றும் பிரித்துச் சொல்கிறது. அளவுப் பெயர்களும் நிறைப் பெயர்களும் க, ச, த, ப, ந, ம, வ, அ, உ என்ற ஒன்பது எழுத்துகளில்தான் தொடங்கும் என்று ஒரு விதியே அதில் உண்டு. நமக்குத் தெரிந்த பெயர்களை வைத்துச் சோதித்துப் பாருங்கள். கலம், செவிடு, தூணி, பதக்கு, நாழி, மரக்கால், உழக்கு, உரி, கழஞ்சு, பலம் என்று பழைய பெயர்கள் பலவும் அதில் அடங்கிவிடும்.

முகத்தல் வாய்ப்பாடு நம் வளாகத்துப் பெரியவர்கள் சிலருக்கு இன்னும் மனப்பாடமாக இருக்கும். இரண்டு ஆழாக்கு ஓர் உழக்கு. இரண்டு உழக்கு ஓர் உரி. இரண்டு உரி ஒரு நாழி. எட்டு நாழி ஒரு குறுணி, அதாவது மரக்கால். இரண்டு குறுணி ஒரு பதக்கு, இரண்டு பதக்கு ஒரு தூணி, மூன்று தூணி ஒரு கலம். எட்டு நாழிக் குறுணியையும் கடைசிப் படியையும் தவிர மற்றதெல்லாம் இரண்டிரண்டாகவே பெருகுவதைக் கவனியுங்கள். இதில் ஒரு வசதி இருக்கிறது. உழக்கு சரிதானா என்று சந்தேகம் வந்தால் ஆழாக்கால் இரண்டு தடவை ஊற்றிப் பார்த்தால் போதும். ஒரு பாத்திரத்தை இன்னொரு பாத்திரம் சரிபார்த்துவிடும். எழுதப் படிக்கத் தெரியாதவரும் செய்யக்கூடிய தணிக்கை இது.

கீழ்ப்பக்கம் போனால் ஐந்து செவிடு ஓர் ஆழாக்கு, 360 நெல் ஒரு செவிடு. அதாவது நெல்மணியை எண்ணியே கொள்ளளவுக்கு அடித்தளம் போட்டிருக்கிறார்கள். பெருக்கிப் பார்த்தால் ஒரு நாழிக்கு 14,400 நெல். நிறைக்கும் இப்படி விதைகள்தான் அடிப்படை. குன்றிமணி, அதன் இரு மடங்கான மஞ்சாடி, இருபது மஞ்சாடிக்கு ஒரு கழஞ்சு. கழஞ்சு என்பதும் கழற்சிக்காய் என்ற ஒரு விதைதான். பொன்னுக்கு இந்தக் கணக்கு. சரக்குக்கு வேறு கணக்கு: எட்டுப் பலம் ஒரு சேர், ஐந்து சேர் ஒரு வீசை, எட்டு வீசை ஒரு மணங்கு, இருபது மணங்கு ஒரு பாரம். ஒரு பலம் 35 கிராம் என்று வைத்துக்கொண்டால் வீசை 1.4 கிலோ வரும்.

எதை அளப்பது, எதை நிறுப்பது என்பதிலும் ஒழுங்கு இருந்தது. கொட்டினால் பாத்திரத்தின் வடிவத்துக்கு அடங்குகிற அரிசி, பருப்பு, உப்பு, பால், நெய், எண்ணெய் எல்லாம் படியில் வரும். அடங்காத புளி, வெல்லம், மிளகாய், காய்கறி, பஞ்சு எல்லாம் தராசுக்குப் போகும். தங்கத்தைப் பாத்திரத்தில் அளக்க முடியாது. களத்துமேட்டில் குவிந்திருக்கும் நூறு கலம் நெல்லைக் கைத்தராசில் நிறுக்க முடியாது. ஒரு மரப்பாத்திரம் போதும், விடிவதற்குள் அளந்து முடித்துவிடலாம். முதல் மரக்காலை 'ஒன்று' என்று சொல்லாமல் 'லாபம்' என்று சொல்லித் தொடங்குவது நம் ஊர் வழக்கம்.

ராஜராஜன் காலத்து மரக்காலும் கல்லும்

தஞ்சைப் பெரிய கோயிலுக்குப் போனால் அடித்தளச் சுவர்களைச் சுற்றி வரிசை வரிசையாகக் கல்வெட்டுகள் ஓடுவதைப் பார்த்திருப்பீர்கள். அவற்றில் பெரும்பகுதி கணக்கு வழக்குதான். யார் எவ்வளவு கொடுத்தார்கள், அதை எந்த அளவையால் அளந்தார்கள் என்ற விவரம். நெல்லையும் நெய்யையும் பற்றிச் சொல்லும்போது 'ஆடவல்லான்' என்னும் மரக்காலால் அளந்தது என்றும், அந்த மரக்கால் 'ராஜகேசரி' என்ற அளவுக்குச் சமம் என்றும் குறிப்பு வருகிறது. பொன்னைப் பற்றிச் சொல்லும்போதும் 'ஆடவல்லான்' என்ற பெயர் வருகிறது. ஆனால் அது மரக்கால் இல்லை, எடைக்கல். ரத்தினம் பதித்த நகைகளுக்கு 'தட்சிணமேரு விடங்கன்' என்று இன்னொரு கல். ஆடவல்லான் என்பது நடராசருக்குரிய பெயர். இறைவன் பெயரால் முகத்தலுக்கு ஒரு தரம், நிறுத்தலுக்கு ஒரு தரம் என்று வைத்திருந்தார்கள்.

எந்த மரக்கால் என்று பெயர் சொல்லி எழுதியது ஏன்? கோயிலில் ஒரு திருவிளக்கு எரிய 96 ஆடுகள் கொடுத்தால், அவற்றைப் பெற்றவர் நாள்தோறும் ஓர் உழக்கு நெய் கொண்டுவந்து அளக்க வேண்டும். ஊருக்கு ஓர் உழக்கு இருந்தால் எந்த உழக்கு என்ற கேள்வி வரும். பாத்திரம் கொஞ்சம் சிறுத்தால் விளக்கு விடியும் முன் அணைந்துபோகும். அறக்கட்டளை நூறு ஆண்டு நீடிக்க வேண்டும் என்றால் அளவைக்குப் பெயரும் இருக்க வேண்டும், அந்தப் பெயர் கல்லில் இருக்கவும் வேண்டும்.

நகைகளின் கணக்கில் இன்னும் நுட்பமான ஒரு குறிப்பு உண்டு. கோத்த சரடு, சட்டம், செப்பாணி ஆகியவற்றை நீக்கி நிறுத்தது என்று எழுதியிருக்கிறார்கள். மணி கோத்த நூலின் எடையும் அடியில் இருக்கும் செம்பின் எடையும் கணக்கில் சேரக் கூடாது என்று பார்த்திருக்கிறார்கள். இன்று பிஸ்கட் பாக்கெட்டில் 'நிகர எடை' என்று அச்சிடுகிறார்களே, அந்த எண்ணம் ஆயிரம் ஆண்டுக்கு முன்பே தஞ்சையில் கல்லில் வெட்டப்பட்டிருக்கிறது.

கும்பமா, தலைதட்டா?

படியில் ஒளிவது காற்று மட்டும் இல்லை. விளிம்புக்கு மேலே குவிவதும் ஒரு பிரச்சினை. படியை நிரப்பி விளிம்போடு வழித்து அளப்பது தலைதட்டு. கோபுரம் போல் குவித்து அளப்பது கும்பம். கும்பத்தில் எவ்வளவு கூடுதலாக நிற்கும் என்பது பாத்திரத்தின் வாயைப் பொறுத்தது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். இரண்டு படிகள், இரண்டுமே விளிம்பு வரை 1,600 மில்லி கொள்ளும். ஒன்று ஒடுக்கமானது, வாய் 10 சென்டிமீட்டர் அகலம், உயரம் 20 சென்டிமீட்டருக்குச் சற்று மேல். மற்றது அகன்றது, வாய் 16 சென்டிமீட்டர், உயரம் 8 சென்டிமீட்டர்தான். அரிசி குவியலாக நிற்கும்போது அதன் சரிவு 30 பாகை என்று கொள்வோம். ஒடுக்கமான படியின் மேல் நிற்கும் குவியல் 75 மில்லி, அதாவது 5 சதவீதத்துக்கும் குறைவு. அகன்ற படியின் மேல் நிற்பது 310 மில்லி, கிட்டத்தட்ட 20 சதவீதம். இரண்டும் 'ஒரு படி'தான். ஆனால் கும்பம் போட்டு அளந்தால் அகன்ற படியில் வாங்கியவருக்கு ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு கூடுதல். வாங்கும்போது அகன்ற படி, கொடுக்கும்போது ஒடுக்கமான படி, வாங்கும்போது கும்பம், கொடுக்கும்போது தலைதட்டு என்று வைத்துக்கொண்டால் ஒரு பொய் சொல்லாமலே பணம் சேர்க்கலாம்.

இதில் இழந்தவர்கள் யார்? தனக்கென்று படி இல்லாதவர்கள். நிலமில்லாத விவசாயக் கூலிகளுக்குக் காசாக அல்லாமல் நெல்லாகவே கூலி கொடுத்த காலம் அது. அளக்கும் பாத்திரம் கொடுப்பவருடையது, அளக்கும் கையும் அவருடையது. கூலிக்காரர் துணியை விரித்துப் பிடிப்பது ஒன்றே செய்ய முடியும். காவிரிப் படுகையில் விவசாயத் தொழிலாளர் சங்கங்கள் தோன்றியபோது கூலி நெல்லின் அளவு அவர்களின் முக்கியமான வழக்காக இருந்தது இதனால்தான்.

அந்த வழக்கு எவ்வளவு கொடுமையாக முடிந்தது என்பதும் நமக்குத் தெரியும். 1968 டிசம்பர் 25 இரவு கீழவெண்மணியில் 44 பேர் ஒரு குடிசைக்குள் வைத்து எரிக்கப்பட்டார்கள். தலித் விவசாயத் தொழிலாளர் குடும்பங்கள், பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். அந்தப் போராட்டத்தின் மையத்தில் இருந்தது நெல் கூலியை உயர்த்தித் தர வேண்டும் என்ற கோரிக்கை. கேட்டது அரைப் படி நெல் என்றுதான் இன்றும் அந்தப் பகுதியில் நினைவுகூர்கிறார்கள். நம் வீட்டு அலமாரியில் அழகுக்காக வைத்திருக்கும் பித்தளைப் படியைப் பார்க்கும்போது இதையும் நினைத்துக்கொள்ள வேண்டும்.

ஒரே பெயர், பல அளவு

பாத்திரத்தின் வாய் ஒருபுறம் இருக்க, படி என்ற சொல்லுக்கே நிலையான பொருள் இல்லை. மேலே சொன்ன 14,400 நெல் கணக்கை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு நெல்மணி 20 முதல் 25 மில்லிகிராம் என்று கொண்டால் அந்த நாழி அரை லிட்டருக்குச் சற்று மேலேதான் வரும். ஆனால் சென்னைப் பட்டணத்துப் படி ஒன்றரை லிட்டருக்கும் மேல், அரிசி கொட்டினால் ஒன்றரை கிலோவை ஒட்டி நிற்கும். தஞ்சைப் பக்கம் பெரிய படி, சின்னப் படி என்று இரண்டு. மரக்கால் சில இடங்களில் எட்டுப் படி, சில இடங்களில் நான்கே படி.

எடையும் அந்தக் குழப்பத்துக்குத் தப்பவில்லை. வட இந்தியாவில் சேர் என்றால் 80 தோலா, அதாவது 933 கிராம். சென்னை மாகாணத்தில் சேர் என்றால் 24 தோலா, 280 கிராம். ஒரே சொல், மூன்று மடங்குக்கு மேல் வித்தியாசம். போதாக்குறைக்கு சில ஊர்களில் சேர் என்பது பாத்திரத்தின் பெயர்.

பிரிட்டிஷ் ஆட்சி 1939இல் எடைத் தரச் சட்டம் கொண்டுவந்தது. 80 தோலா ஒரு சேர், 40 சேர் ஒரு மணு என்று நிர்ணயித்தது. அந்தச் சட்டத்தின் பெயரைக் கவனியுங்கள், எடைக்கு மட்டுமே. முகத்தலளவையை அது தொடவில்லை. ரயில் கட்டணம், துறைமுகச் சரக்கு, அரசுக் கொள்முதல் எல்லாம் எடையில் நடந்தன, அவர்களுக்கு அது போதும். களத்துமேட்டுப் படி அதன் போக்கிலேயே இருந்தது.

சுதந்திர இந்தியாதான் இரண்டையும் சேர்த்துத் தொட்டது. 1956 டிசம்பரில் எடை மற்றும் அளவைத் தரச் சட்டம் நிறைவேறியது. 1957 ஏப்ரலில் நயா பைசா வந்தது. 1958 அக்டோபர் 1 முதல் தேர்ந்தெடுத்த பகுதிகளில் கிலோ கிராம் புழக்கத்துக்கு வந்தது. 1962 ஏப்ரல் முதல் மெட்ரிக் எடைகள் நாடு முழுவதும் கட்டாயமாயின. வீசைக்கல்லை வைத்துக்கொண்டு கடைக்காரரும், 'ஒரு கிலோன்னா எத்தனை பலம்?' என்று கேட்ட பாட்டிகளும் நடுவில் தடுமாறிய ஆண்டுகள் அவை.

இந்த மாற்றத்தில் சத்தமில்லாமல் இன்னொன்றும் நடந்தது. வீசை போய்க் கிலோ வந்தது பெயர் மாற்றம் மட்டுமே, இரண்டும் எடைதான். ஆனால் படி போய்க் கிலோ வந்ததில், அரிசியை அளக்கும் முறையே மாறிவிட்டது. மெட்ரிக் முறையில் படிக்கு நேரான வாரிசு லிட்டர்தான். கொஞ்ச காலம் லிட்டர் படியும் இருந்தது, கூலி நெல்லை லிட்டர் கணக்கில் அளந்தார்கள். ஆனால் கடையிலும் ரேஷனிலும் தராசுதான் வென்றது. காற்றும் கும்பமும் கணக்கிலிருந்து ஒரேயடியாக விலகின.

மக்கள் மனத்தில் இருந்து படி அவ்வளவு சீக்கிரம் போகவில்லை. அதற்குச் சாட்சி 1967 தேர்தல். அரிசிப் பஞ்சத்தின் நடுவே நடந்த அந்தத் தேர்தலில் ரூபாய்க்கு மூன்று படி அரிசி என்பதுதான் தி.மு.க.வின் பெரிய வாக்குறுதி. மெட்ரிக் எடை கட்டாயமாகி ஐந்தாண்டு ஆகியும், ரூபாய்க்கு நாலரை கிலோ என்று யாரும் மேடையில் பேசவில்லை. படி என்றால்தான் வீட்டுப் பெண்களுக்கு உலை கொதிப்பது கண்ணில் தெரியும். ஆட்சிக்கு வந்தபின் அண்ணாவின் அரசு சென்னையிலும் கோவையிலும் ரூபாய்க்கு ஒரு படி என்று தொடங்கியது.

தண்ணீர் போட்ட முடிச்சு

முகத்தலையும் நிறுத்தலையும் ஒன்றாகக் கட்டிப்போட முடியாதா என்று பிரெஞ்சுப் புரட்சிக் காலத்து அறிஞர்கள் யோசித்தார்கள். 1795இல் பிரான்ஸ் ஒரு வழி கண்டது. ஒரு பக்கம் ஒரு சென்டிமீட்டர் உள்ள கனசதுரத்தில் அடங்கும் தண்ணீரின் எடை ஒரு கிராம். பக்கத்துக்குப் பத்து சென்டிமீட்டர் என்றால் அது ஒரு லிட்டர், அதில் அடங்கும் தண்ணீர் ஒரு கிலோ. நீட்டல், முகத்தல், நிறுத்தல் மூன்றும் தண்ணீரால் இணைந்தன.

முடிச்சு அழகானதுதான், ஆனால் முழுவதும் இறுகவில்லை. தண்ணீரின் கொள்ளளவு சூட்டுக்கு ஏற்ப மாறும். 1901இல் சர்வதேச மாநாடு ஒன்று லிட்டரைத் தனியாக வரையறுத்தது. ஒரு கிலோ தண்ணீர், அது மிக அடர்த்தியாக இருக்கும் வெப்பநிலையில், அடைக்கும் இடமே ஒரு லிட்டர் என்றது. பிறகு நுட்பமாக அளந்து பார்த்ததில் அந்த லிட்டர் 1,000 கன சென்டிமீட்டரைவிட 0.028 கன சென்டிமீட்டர் பெரிது என்று தெரிந்தது. ஒரு சொட்டுக்கும் குறைவு. ஆனாலும் அறிவியலுக்கு அது தொல்லை. 1964இல் அந்த வரையறையை நீக்கி, லிட்டர் என்றால் 1,000 கன சென்டிமீட்டர், அவ்வளவுதான் என்று முடித்தார்கள். அறுபது ஆண்டுக்கு மேல் உலகத்தின் லிட்டர், உண்மையில் ஒரு தராசின் பிள்ளையாக இருந்தது.

'லிட்டர்னா கிலோ' என்று நம் வாயில் வருவது இந்த முடிச்சால்தான். தண்ணீர் லாரிக்கு அது சரி. மற்றதற்கெல்லாம் பார்த்துத்தான் சொல்ல வேண்டும்.

இன்று நம் வீட்டில்

இனி நம் வீட்டுக் கணக்குக்கு வருவோம். திடப் பொருளை எடையிலும் திரவத்தை லிட்டரிலும் விற்க வேண்டும் என்பது இன்றைய சட்டத்தின் பொது விதி. பால் மில்லியில் வருகிறது, அதே பால் உறைந்து தயிரானால் கிராமுக்கு மாறிவிடுகிறது. நடுவில் நிற்கும் பொருள்களில்தான் நாம் கவனமாக இருக்க வேண்டும்.

எண்ணெய்: செக்கு எண்ணெய்க் கடையில் கிலோ 210 ரூபாய் என்கிறார்கள், பாக்கெட் லிட்டர் 200 ரூபாய் என்று ஒரு கணக்குக்கு வைத்துக்கொள்வோம். எது மலிவு? லிட்டர் என்று சட்டென்று சொல்லிவிடுவோம். லிட்டரில் இருப்பது 910 கிராம்தான். அந்த விலைக்குக் கிலோ 220 ரூபாய் ஆகிறது. கிலோ எண்ணெய்தான் மலிவு. லிட்டர் விலையை 0.91ஆல் வகுத்தால் கிலோ விலை கிடைக்கும்.

எண்ணெயில் இன்னொரு நுட்பமும் உண்டு. சூடானால் எண்ணெய் விரியும். ஒரு லிட்டர் சோயா எண்ணெய் 21 டிகிரியில் 919 கிராம், 60 டிகிரியில் சுமார் 893 கிராம். சில பாக்கெட்டுகளில் லிட்டர் அளவோடு '60 டிகிரி வெப்பநிலையில்' என்று போட்டிருந்தார்கள். நம் வீட்டில் எண்ணெய் ஒருநாளும் அந்தச் சூட்டில் இருப்பதில்லை. லிட்டர் என்று சொல்லி 26 கிராம் குறைத்துவிட முடிகிறது. 2022 ஆகஸ்டில் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை, வெப்பநிலையைக் குறிப்பிடாமல் அளவையும், அதோடு எடையையும் அச்சிடச் சொன்னது. பாக்கெட்டில் இரண்டு எண்கள் இருப்பதன் பயன் இப்போது புரியும். எடைதான் ஏமாற்றாத எண்.

ஐஸ்கிரீம்: மில்லியில் விற்கும் பொருள். அரைக்கும்போது காற்றைச் சேர்த்துத்தான் அதை மென்மையாக்குகிறார்கள். ஒரு லிட்டர் ஐஸ்கிரீம் குறைந்தது 525 கிராம் இருக்க வேண்டும் என்பது உணவுப் பாதுகாப்பு விதி. அப்படியென்றால் 700 மில்லி டப்பாவில் 368 கிராம் இருந்தாலே சட்டப்படி சரி. ஒரே அளவு டப்பாக்கள் இரண்டைக் கையில் எடுத்துப் பாருங்கள். கனமானதில் காற்று குறைவு.

சிலிண்டர்: இது எடைக் கணக்கு. உள்ளே 14.2 கிலோ எரிவாயு. காலி சிலிண்டரின் எடை அதன் கழுத்தருகே உள்ள தகட்டில் பொறித்திருக்கும். 15.3 என்று இருந்தால் நிறைந்த சிலிண்டர் 29.5 கிலோ காட்ட வேண்டும். கொண்டுவருபவரிடம் எடை போட்டுக் காட்டச் சொல்லிக் கேட்கலாம், தயங்க வேண்டாம். குழாய் எரிவாயு வந்தால் கணக்கு மாறும். அங்கே பில் வருவது கன மீட்டரில், அதாவது முகத்தலில். வாயு சூட்டுக்கும் அழுத்தத்துக்கும் ஏற்ப விரிந்து சுருங்கும் என்பதால், குறித்த வெப்பநிலை, குறித்த அழுத்தத்தில் எவ்வளவு என்று கணக்கிட்ட 'நிலையான கன மீட்டர்' அது. சிலிண்டர் கிலோவையும் குழாய்க் கன மீட்டரையும் எண்ணுக்கு எண் வைத்து விலை ஒப்பிட்டுவிடக் கூடாது.

இனிப்புப் பெட்டி: தீபாவளிக்கு முக்கியம். அட்டைப் பெட்டியோடு சேர்த்து எடை போடக் கூடாது. சரடும் செப்பாணியும் நீக்கி நிறுத்த ஊர்க்காரர்கள் நாம், இதைக் கேட்க வெட்கப்பட வேண்டியதில்லை. எடை குறைவு, முத்திரையில்லாத தராசு போன்ற புகார்களைத் தமிழ்நாட்டில் தொழிலாளர் துறையின் கீழ் உள்ள சட்டமுறை எடையளவுப் பிரிவு விசாரிக்கிறது.

இவ்வளவும் சொன்னபின் படிக்காகவும் ஒரு வார்த்தை பேச வேண்டும். விற்பனையில் தோற்ற முகத்தல், அடுப்படியில் இன்னும் தோற்கவில்லை. ரைஸ் குக்கரோடு வருகிற பிளாஸ்டிக் கப்பைப் பாருங்கள். பெரும்பாலும் 180 மில்லி. அது ஜப்பானியர்களின் 'கோ' என்ற பழைய முகத்தலளவு, அவர்கள் நாட்டு ஆழாக்கு என்று சொல்லலாம். ஜப்பானும் மெட்ரிக்குக்கு மாறிவிட்டது, ஆனால் குக்கர் வழியாக 'கோ' நம் வீடு வரை வந்துவிட்டது. நம் பட்டணத்து ஆழாக்கு அதைவிடக் கொஞ்சம் பெரிது, 200 மில்லிக்குச் சற்று மேல். ஒன்றுக்கு இரண்டரை தண்ணீர், நாலுக்கு ஒன்று உளுந்து என்று சமைக்கும்போது பாத்திரம் எவ்வளவு பெரிது என்பது பொருட்டில்லை. எல்லாவற்றையும் அதே பாத்திரத்தால் அளக்கிறோமா என்பதுதான் பொருட்டு. அளப்பவரும் வாங்குபவரும் ஒரே ஆளாக இருக்கும் இடத்தில் படியைப் போல வசதியான கருவி வேறில்லை. இரண்டு பேர் வரும்போதுதான் தராசும் முத்திரையும் தேவைப்படுகின்றன.

நம் வளாகத்தில் பல ஊர்க்காரர்கள் இருக்கிறோம். உங்கள் வீட்டில் பழைய படியோ உழக்கோ ஆழாக்கோ இருந்தால், விளிம்பு வரை தண்ணீர் ஊற்றி, அந்தத் தண்ணீரைச் சமையலறைத் தராசில் நிறுத்துப் பாருங்கள். எத்தனை கிராமோ, அத்தனை மில்லி. ஊர்ப் பெயரோடு அந்த எண்ணை ஆசிரியர் குழுவுக்கு அனுப்புங்கள். எந்த ஊர்ப் படி எவ்வளவு கொண்டது என்று அடுத்த இதழில் ஒரு பட்டியலாகப் போடலாம்.